சைன் 30 போட்டுப் பாருலே!

பக்கத்து பெஞ்ச்காரர்கிட்ட கால்குலேட்டரை ஒரு நிமிஷம் கடன் வாங்குங்க. சைன் 30 தட்டுங்க. 0.5 வந்தா, அவருக்கு நல்ல நண்பர்கள் வாய்ச்சிருக்காங்க. மைனஸ் 0.988 வந்தா, யாரோ அரைகுறையா விளையாடியிருக்காங்க. 0.454 வந்தா? அந்த கிளாஸ்ல என்னை மாதிரி ஒருத்தன் இருக்கான் பாஸ், உஷார்!

கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அமெரிக்கா வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்.

பொய் எரர், நிஜ பயம்!

பிளஸ் டூ வரைக்கும் லாகரிதம் டேபிளைப் புரட்டியே நம்ம விரல் தேய்ஞ்சுது. அப்படியே இன்ஜினீயரிங் வந்தா, அண்ணா யுனிவர்சிட்டி எக்ஸாம் ஹால்ல ப்ரோக்ராம் பண்ற கால்குலேட்டருக்குத் தடா. அதனால நம்மள்ல பல பேர் கிராஃபிங் கால்குலேட்டரைக் கண்ணாலகூடப் பார்த்ததில்லை.

அமெரிக்காவுல கதை வேற. அங்க ஏ.பி. கால்குலஸ் எக்ஸாமோட ஒரு பகுதிக்கு 1995-லேருந்து கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம். 1985-ல் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்துச்சு. அதுதான் இந்த ஜாதியில முதல் கால்குலேட்டர். 1990-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-81-ஐ இறக்குச்சு. அப்புறம் டிஐ-83, டிஐ-84னு வரிசையா வந்து ஸ்கூல் பையன்கள் பையில உக்காந்துடுச்சு. டிஐ-83-ல 96-க்கு 64 புள்ளி ஸ்க்ரீன், உள்ளே பேசிக் மாதிரி ஒரு குட்டி மொழி, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ப்ரோக்ராம் அனுப்ப ஒரு லிங்க் கேபிள். போரடிக்கிற கணக்கு பீரியடும் இருந்துட்டா, பசங்க சும்மா இருப்பாங்களா?

முதல் குறும்பு, பொய் எரர். ஸ்க்ரீனைத் துடைக்க ஒரு வரி. 'எரர்: சின்டாக்ஸ்'னு அசல் மாதிரியே காட்ட ஒரு வரி. என்டர் தட்டுற வரைக்கும் காத்திருக்க ஒரு வரி. தட்டினதும் முதல் வரிக்கே தாவ ஒரு வரி. மொத்தமே நாலு வரிதான். நண்பன் என்டரைத் தட்டத் தட்ட எரர் மேல எரர் வரும். கால்குலேட்டரே புட்டுக்கிச்சுன்னு அவன் முகம் போற போக்கு இருக்கே... செம!

சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. இந்த நாலு வரியை எழுதணும்னா, நிஜ எரர் எந்த வரியில வரும், எத்தனை இடம் தள்ளி வரும்னு உத்துப் பார்த்திருக்கணும். எதிர்ல இருக்கிறவன் அடுத்து எந்த பட்டனை அமுக்குவான்னும் யோசிச்சிருக்கணும். அதைத்தான் காலேஜ்ல 'யூஸர் இன்டர்ஃபேஸ்'னு ஒரு யூனிட்டா நடத்துறாங்க.

இன்னொரு விஷயம். இந்தக் குறும்புக்குள்ளேயே ஒரு கதவு திறந்து கிடக்கு. ஆன் கீயைத் தட்டினா ப்ரோக்ராம் பாதியில நின்னுடும். 'எரர்: பிரேக்'னு நிஜ எரர் வரும். அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ்! இந்த ஆன் கீயை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

நம்ம லேப் கிட்டும் சொந்தக்காரன்தான்!

'நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே'ன்னு ஃபீல் பண்ணாதீங்க. உங்க மைக்ரோ பிராசஸர் லேப்ல ஒரு 8085 கிட் இருக்கும். ஹெக்ஸ் கீபேடும் சிவப்பு எழுத்து டிஸ்ப்ளேயுமா, பார்த்தாலே தூக்கம் வரும். அதுக்கும் டிஐ-83 கால்குலேட்டருக்கும் ரத்த சம்பந்தமே இருக்கு.

டிஐ-83-க்குள்ள ஓடுறது இசட்80 சிப். இன்டெல்ல 8080 சிப்பை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் ஃபெடரிகோ ஃபேஜின். அவர் வெளியே வந்து ஸைலாக் கம்பெனி ஆரம்பிச்சு, 1976-ல் கொண்டு வந்ததுதான் இசட்80. 8080-க்கு எழுதின கோடு இதுலயும் ஓடணும்னு பார்த்துப் பார்த்து செஞ்சாங்க. நம்ம 8085-ம் அதே 8080 வழியில வந்ததுதான். ஆக, ரெண்டும் ஒரே தாத்தா வீட்டுப் பேரப்பிள்ளைங்க!

ரெண்டுலயும் 76 அடிச்சா 'நில்லு'. சி3 அடிச்சா 'அங்க தாவு'. சி9 அடிச்சா 'வந்த இடத்துக்கே திரும்பு'. டிஐ-83 பிளஸ்ல அமெரிக்கப் பையன் ஹெக்ஸ் கோடு அடிச்சு அசெம்பிளி ப்ரோக்ராம் ஓட்டுறதும், நீங்க 4100-லேருந்து தட்டிக்கிட்டு வர்றதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

ஒரு சாம்பிள். நண்பன் ப்ரோக்ராமை அடிச்சு முடிச்சுட்டு ரெக்கார்டு நோட்டை எடுக்கத் திரும்புறான். 4100-ல் இருக்கிற முதல் பைட்டை மட்டும் 76-ஆ மாத்திடுங்க. அவன் ஓட்டுவான். கிட் வழக்கம் போலத்தான் நிக்கும். ஆனா விடையைத் தேடிப் போனா, அங்க விடை இருக்காது! இல்லைன்னா முதல் மூணு பைட்டா சி3, 00, 41 போடுங்க. '4100-க்குத் தாவு'ங்கிற கட்டளை 4100-லயே உக்காந்திருக்கும். நாய் தன் வாலைத் துரத்துற மாதிரி ரீசெட் அமுக்குற வரைக்கும் சுத்திக்கிட்டே கிடக்கும். நோட்டைப் பார்த்து அந்த பைட்டுகளைத் திரும்ப அடிச்சா எல்லாம் சரி. யாருக்கும் நஷ்டமில்லை. மாடல் பிராக்டிகல் அன்னிக்கு மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்!

என் கதைக்கு வர்றேன்...

ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டல்ல எங்க ரூம்ல எல்லாருக்கும் ஊர்ப் பேருதான் பேரு. அம்பாசமுத்திரத்துலேருந்து வந்தவன் 'அம்பை'. எஃப்எக்ஸ்-991 எம்எஸ் கால்குலேட்டரை உறையோட, உறைக்கு மேல ஒரு துணிப்பையும் போட்டு வச்சிருப்பான். அதைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும்.

இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் இன்டர்னல் டெஸ்ட். 'மச்சான், ஒரு நிமிஷம் குடுலே'ன்னு வாங்கி, மோடை டிகிரியிலேருந்து மாத்தினேன். ரேடியன்ல வச்சா சைன் 30-க்கு மைனஸ்ல விடை வந்து உடனே மாட்டிக்குவேன்னு தெரியும். அதனால யாருமே தொடாத மூணாவது மோடு, கிரேடியன்ல வச்சேன். செங்கோணத்தை 90-ஆ பிரிக்காம 100-ஆ பிரிக்கிற கணக்கு அது. அதுல 30-னா நம்ம டிகிரிக்கு 27 தான். சைன் 30 போட்டா 0.454 வரும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், சந்தேகமே வராது. ஸ்க்ரீன் மேல 'டி'க்குப் பதிலா குட்டியா ஒரு 'ஜி'. அதை யாரு பார்க்கப் போறா?

30 டிகிரி சாய்வுல 100 நியூட்டன் விசை. செங்குத்துப் பகுதி 50 வரணும். அம்பைக்கு 45.4 வந்துச்சு. அடுத்த கணக்கும் அப்படியே. ஃபார்முலா சரி, படம் சரி, விடை மட்டும் எல்லாத்துலயும் தப்பு. பேப்பர் வந்தப்போ பாஸ் மார்க்குக்கு மூணு குறைவு.

அவன் கத்துவான், அப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரிப்போம்னு நினைச்சிருந்தேன். அவன் ஒண்ணுமே சொல்லலை. கட்டில்ல உக்காந்து அதே கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தான். எனக்குச் சோறு இறங்கலை.

ஒரு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டான். செங்கோட்டை பாசஞ்சர். சேரன்மகாதேவி தாண்டி, ரெண்டு பக்கமும் வயலா ஓடிக்கிட்டிருந்தப்போ உடைச்சுட்டேன். 'அன்னைக்கு உன் கால்குலேட்டர்ல மோடை மாத்தினது நான்தாம்ல.'

அவன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னான். 'தெரியும்லே. அன்னைக்கு அதை நீ ஒருத்தன்தான வாங்குன.'

அப்புறம் கல்லிடைக்குறிச்சி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

ஆன் கீ எங்கே?

என் குறும்புக்கும் அந்த நாலு வரி ப்ரோக்ராமுக்கும் என்ன வித்தியாசம்னு அப்புறம்தான் உறைச்சுது. அதுல ஆன் கீ இருக்கு. மாட்டினவன் அதைத் தட்டிட்டு நம்மளைத் துரத்தி ரெண்டு அடி போடலாம். நான் செஞ்சதுல அவனுக்கு வெளியே வர வழியே இல்லை. அவன் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பேப்பரை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

இந்தக் கோட்டைத் தாண்டினவங்க அங்கேயும் உண்டு. எக்ஸாமுக்கு முன்னாடி மெமரியை அழிக்கச் சொன்னா, அழிச்ச மாதிரியே காட்டுற ப்ரோக்ராம்களை எழுதினாங்க. நண்பனை ஏமாத்தின அதே வித்தை இப்போ டீச்சர் கண்ணுக்கு! கம்பெனிகளும் எக்ஸாம் மோடுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பிரான்ஸ்ல விக்கிற டிஐ-83 பிரீமியம் சிஇ-யில எக்ஸாம் மோடைக் காட்ட மினுக்குற விளக்கே உண்டு. அந்த மோடையும் ஏமாத்த வழி கண்டுபிடிச்சாங்க. கடைசியில 2020-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், புது சாஃப்ட்வேர்ல அசெம்பிளி, சி ப்ரோக்ராம் ஓட்டுற வசதியையே எடுத்துடுச்சு. கேம்ஸ் எழுதினவன், சும்மா கத்துக்க நினைச்சவன்னு தப்பே பண்ணாத எல்லாருக்கும் சேர்த்துக் கதவு மூடுச்சு.

அதனால மக்களே, குறும்பு பண்ணுங்க. தாராளமா எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: அவனுக்கு ஆன் கீ எங்கே? அதுக்குப் பதில் இல்லைன்னா, அந்தக் குறும்பு வேண்டாம்.

மாட்டிக்கிட்டவங்களுக்கு அவசர சிகிச்சை!

* சைன் 30 தட்டுங்க. 0.5 வந்தா டிகிரி, மைனஸ் 0.988 வந்தா ரேடியன், 0.454 வந்தா கிரேடியன்.

* 2-ஐ 3-ஆல் வகுத்தா 1-னு வருதா? யாரோ ஃபிக்ஸ் மோடுல பூஜ்யம் வச்சிருக்காங்க.

* எம்எஸ் மாடலா இருந்தா ஷிஃப்ட், மோடு, 3, ஈக்வல். இஎஸ் மாடலா இருந்தா ஷிஃப்ட், 9, 3, ஈக்வல். எல்லாம் பழைய நிலைக்கு வந்துடும். மெமரியில இருக்கிறதும் போயிடும், ஜாக்கிரதை!

இப்போ எங்க ஹாஸ்டல்ல எக்ஸாமுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் சைன் 30 தட்டுவோம். போன செமஸ்டர்ல ஹால் வாசல்ல வச்சு அம்பை என் கால்குலேட்டரை வாங்கினான். 'ஒரு நிமிஷம் குடுலே' தான். ஏதேதோ தட்டினான், திருப்பிக் கொடுத்துட்டு உள்ளே போயிட்டான். எனக்குக் கை நடுங்குது. சீட்ல உக்காந்ததும் சைன் 30 போட்டேன்.

0.5.

நிமிர்ந்து பார்த்தா, ரெண்டு வரிசை தள்ளி உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தான்.