லேப்டாப்பில் குரல் பதிவு சரியில்லையா? புது மைக் வாங்கும் முன் இதைப் பாருங்க!

வேலைக்கான வீடியோ நேர்காணல். திரையில் கேள்வி வரும். பதிலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நீங்களும் நல்லாத்தான் பேசினீங்க. ஆனால் போட்டுக் கேட்டால் குடத்துக்குள் இருந்து பேசுவது போல ஒரு குரல், பின்னணியில் ஓயாத இரைச்சல். உடனே 'மைக் மட்டம், புதுசு வாங்கணும்' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. பல நேரங்களில் கோளாறு மைக்கில் இருப்பதில்லை.

எந்த மைக் பதிவு செய்கிறது?

ஹெட்செட்டை மாட்டியிருப்பீர்கள். ஆனால் பதிவாவது லேப்டாப்பின் மைக்கில். கண்டுபிடிப்பது சுலபம். பதிவு ஓடும்போது ஹெட்செட் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பதிவில் 'கரகர' என்று பலமாகக் கேட்காவிட்டால் வேறு மைக் வேலை செய்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் 'இன்புட்' பகுதியில் சரியான மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவு செய்யும் செயலிக்குள்ளும் தனியாக ஒரு மைக் தேர்வு இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

புளூடூத்தில் பாட்டு நல்லா கேட்குது, குரல் மட்டும் ஏன் மோசம்?

பாட்டு கேட்கும்போது ஒலி ஒரே திசையில் வருகிறது. மைக்கை இயக்கியதும் பல ஹெட்செட்கள் போன் பேசுவதற்கான முறைக்கு மாறிவிடும். அப்போது குரல் நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளக்கப்படும். ஆடியோ சிடியில் இது 44,100. அளக்கும் எண்ணிக்கையில் பாதி ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் பதிவாகும் என்பதால் 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை போய்விடும். தீர்வு? கேட்பதற்கு புளூடூத், இன்புட்டுக்கு லேப்டாப் மைக் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வயர் ஹெட்செட் இருந்தால் இன்னும் நல்லது.

குரல் உடைகிறதா?

இன்புட் வால்யூம் அதிகமாக இருந்தால், சத்தமாகப் பேசும் இடங்களில் குரல் கிழிந்ததுபோல் கேட்கும். இப்படி உடைந்த ஒலியைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. ரொம்பக் குறைவாக வைத்தாலும் சிக்கல்தான். பின்னர் சத்தத்தைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து கூடும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் மீட்டரைப் பாருங்கள். உரத்துப் பேசும்போது மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை வந்தால் போதும். பூஜ்யத்தைத் தொடக் கூடாது.

'ங்ங்ங்' என்ற ரீங்காரம் எங்கிருந்து?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டில் சார்ஜர் இருந்தால், அந்த ரீங்காரம் பதிவிலும் ஏறிவிடலாம். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சிக்கிவிட்டது. நிற்கவில்லையா? மின்விசிறி, ஏசி, லேப்டாப்பின் உள்விசிறி என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

அறைக்கும் பங்கு உண்டு

மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். குடத்துக்குள் பேசுவது போன்ற உணர்வு இதனால்தான் வருகிறது. தனி மைக் என்றால் ஒரு சாண் தூரம் போதும். மூச்சுக்காற்று நேராகப் படாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையைவிட, மெத்தையும் திரைச்சீலையும் துணிமணியும் நிறைந்த படுக்கையறை மேல்.

வார்த்தையின் முனைகள் மட்டும் வெட்டுப்பட்டால், இரைச்சலை நீக்கும் வசதி குரலையும் சேர்த்து நீக்குகிறது என்று பொருள். மீட்டிங்குக்கு அது உதவும். பாட்டு, வாத்தியம் பதிவு செய்யும்போது அணைத்துவிடுங்கள். விண்டோஸில் அதே 'இன்புட்' பகுதியில் மைக்கை கிளிக் செய்தால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருக்கும்.

பத்து விநாடி சோதனை

முக்கியமான பதிவுக்கு முன் ஐந்து விநாடி சும்மா இருங்கள், ஐந்து விநாடி பேசுங்கள். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். மௌனத்தில் இரைச்சல் கேட்டால் சார்ஜர், மின்விசிறியைக் கவனியுங்கள். பேச்சில் மட்டும் கோளாறு என்றால் மைக் தேர்வு, வால்யூம், தூரம் ஆகியவற்றைப் பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால், அப்போது புது மைக் வாங்கலாம். நேர்காணலில் எல்லோரும் இரண்டாவது வாய்ப்பு தருவதில்லை. இந்தப் பத்து விநாடியைச் செலவழிப்பதில் தப்பே இல்லை.