ஏரி ஜலத்தில் விஷப் பாசியும் அதைக் கண்டறியும் சோதனையும்

செவ்வாப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையிலுள்ள கிராமங்களில் பயிருக்கும் கால்நடைக்கும் ஏரி பேராதாரம். கோடையில் ஜலம் வற்றி, காற்றசைவின்றி வெயில் காயுங்கால், சாக்கடை நீரும் வயலினின்று வடியும் உரச்சத்தும் சேர்ந்த ஏரிகளில் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஏடு படிவதுண்டு. இவ்வாறு படியும் நீலப்பச்சைப் பாசிகளுள் மைக்ரோசிஸ்டிஸ் என்பது முக்கியமானது.

நீலப்பச்சைப் பாசி யாவும் கெடுதியானதல்ல. நெற்கழனியில் அவற்றுட் சில ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைக் கிரகித்து மண்ணை வளப்படுத்துவதை 1939-ல் டே என்னும் இந்திய விஞ்ஞானி விளக்கினார். சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த டி. வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட பெருநூலைத் துணைகொண்டு, பூதக்கண்ணாடியால் பாசியின் ஜாதியை நிர்ணயிக்கலாம். ஆனால் மைக்ரோசிஸ்டிஸிலேயே விஷமுள்ள வகையும் விஷமற்ற வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சங்கடம் இங்கேதான்.

இப்பேதத்தைக் காட்டுவது மரபணுச் சோதனை. மைக்ரோசிஸ்டின் என்னும் விஷத்தை ஆக்கும் மரபணுக்கள் பொதுவாக விஷவகையிலேயே காணப்படும். ஏரி ஜலத்தை வடிகட்டி, தங்கிய பாசியினின்று மரபணுப் பொருளைப் பிரித்து, பி.சி.ஆர். யந்திரத்திலிட்டால், தேடும் மரபணு சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று 100 கோடிக்கு மேலாகும். சில மணி நேரத்தில் முடிவு தெரியும். ஏடு கண்ணுக்குப் புலப்படுமுன்னரே எச்சரிக்கை கிடைப்பது இதன் பெரும் பிரயோஜனம். எனினும், மரபணு இருப்பது விஷம் உண்டாகக்கூடுமென்பதற்கே சாட்சி. அதன் அளவை ரசாயனப் பரிசோதனைதான் சொல்லும். நெடுநாள் பருகும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு.

இத்தகைய பாசி படிந்த ஏரி ஜலத்தைக் குடித்து ஆடுமாடுகள் மடிந்த செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து 1878-லேயே வெளியாயிற்று. அமெரிக்காவில் ஈரி ஏரியின் நீரைப் பருகும் டொலீடோ நகரத்தாருக்கு, 2014 ஆகஸ்டில், குழாய் நீரைக் காய்ச்சியும் குடிக்கலாகாதென்று உத்தரவாயிற்று. காய்ச்சினால் இவ்விஷம் அழியாது. பாசியின் உயிரணு வெடித்து அதிலுள்ள விஷமும் நீரிற் கலக்கும். மயில்துத்தம் தூவுவதிலும் இதே கேடு உண்டு. பாசி மடிந்ததும் ஏரி தெளிந்ததென்றெண்ணி உடனே மாடுகளை இறக்குவது பெரும் பிசகு.

காற்று ஏட்டை ஒரு கரையில் ஒதுக்கும். அக்கரையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டலாகாது. கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும். சோதனைக்கு ஜலம் அனுப்பும் கிராம உத்தியோகஸ்தர்கள் மதகடியில் ஒன்றும், கால்நடை இறங்குந்துறையில் ஒன்றுமாகச் சுத்தமான புட்டிகளில் முகந்து, இடமும் தேதியும் எழுதி, வெயில் படாமல் கறுப்புத் துணி சுற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே அனுப்புதல் அவசியம்.