கோழி இனத்தரம்: எழுத்தும் இயற்கையும்

ஓர் இனக் கோழியின் உடல்வாகு, கொண்டை, கால்நிறம், இறகமைப்பு, எடை ஆகியவை எவ்வாறு அமைய வேண்டும் என்று வளர்ப்போர் கூடி எழுத்தில் வகுக்கும் வரையறையே இனத்தரம் எனப்படுகிறது. பிரிட்டனில் 1865-லும், பஃபலோ நகரில் 1873-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் வழியாக 1874-லும் இத்தகைய தரநூல்கள் வெளிவந்தன.

அமெரிக்கர் உருவாக்கிய பட்டை இறகுப் பிளிமத் ராக் இனத்தில், சேவலுக்கு ஏறக்குறைய 4.3 கிலோ எடை, ஐந்து முனைகள் கொண்ட ஒற்றைக் கொண்டை, மஞ்சள் கால்கள் என அளந்தும் எண்ணியும் பார்க்கத்தக்க கூறுகளைவிட இறகின் நிறமே பெருஞ்சிக்கலானது. பட்டைகளைத் தரும் மரபணு, பாலினத்தை நிர்ணயிக்கும் இசட் குரோமோசோமில் இருப்பதால், அக்குரோமோசோம் இரண்டைப் பெற்ற சேவல் வெளிறியும், ஒன்றை மட்டுமே பெற்ற பெட்டை கருமை மிகுந்தும் இயல்பாகவே அமைகின்றன. இவ்வுண்மை அறியப்படாத காலத்தில், கண்காட்சிக் கூண்டில் இரண்டும் ஒரே சாயலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டதால், கருமையான சேவல்களுக்கு ஒரு கால்வழியையும் வெளிறிய பெட்டைகளுக்கு வேறொரு கால்வழியையும் தனித்தனியே பேணும் சுமை, இடமும் பொருளும் குறைந்த எளிய வளர்ப்போர் மீதும் விழுந்தது.

எழுதும் தரம் இவ்வாறு இயற்கையோடு முரண்படாதிருக்க, புதிதாக அமையும் சங்கங்கள், உறுப்பினர்களின் கோழிகளைச் சில தலைமுறைகளேனும் எடையிட்டு, முட்டைக் கணக்கையும் பதிந்த பின்னரே தரத்தை எழுத முற்பட வேண்டும்.