பொதியைப் பிரிக்கும்போது நுழையும் ஆபத்து

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் சில குடும்பங்களின் கடிதங்களையும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் புகைப்படங்களையும் ஸ்கான் செய்து வைக்க நான் உதவி வருகிறேன். அவற்றை வரிசைப்படுத்தும் சிறு மென்பொருளையும் அதே மடிக்கணினியில்தான் எழுதினேன். அதனால்தான், மென்பொருள் எழுதுபவர்களின் விடயம் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒரு பாதுகாப்புக் குறைபாடு என்னைப் பயமுறுத்தியது.

இன்று எவரும் ஒரு மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. பிறர் எழுதி இணையத்தில் வைத்த துண்டுகளை எடுத்துச் சேர்க்கிறோம். அவற்றைத் தேடி, தரவிறக்கி, உரிய இடத்தில் வைக்கும் கருவிதான் பொதி முகாமையாளர். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் பயன்படுத்தும் என்பிஎம் அத்தகையது. 2020 முதல் அது கிட்ஹப் நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான பொதிகள்கூட வந்து பிரிக்கப்படலாம்.

ஒவ்வொரு பொதியும் பல கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிக் கட்டிய ஒரு கோப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் பெயரோடும் அது வைக்கப்பட வேண்டிய இடமும் எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தை எழுதுபவர் பொதியைக் கட்டியவர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த பொதியொன்றை விறாந்தையில் பிரித்து வைக்கும்படி ஒருவரிடம் சொல்கிறீர்கள். உள்ளே ஒரு பொருளில், "இதை உள்ளறை அலுமாரியில், காணி உறுதி இருக்கும் இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அவரும் உறுதியை எறிந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார். பொதி பிரிக்கும் மென்பொருளும் இப்படி நடந்துகொள்ளலாம். கணினி முகவரியில் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் வந்தால், ஒரு கோப்புறை மேலே போ என்று பொருள். அதையே சில தடவை எழுதினால், குறித்த கோப்புறையைத் தாண்டி வெளியேறிவிடலாம். 2018 ஜூனில் ஸ்னிக் நிறுவனம் இதற்கு 'ஸிப் ஸ்லிப்' என்று பெயரிட்டு, ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்களில் இது இருப்பதை வெளிப்படுத்தியது.

என்பிஎம் தன் பொதிகளைப் பிரிக்கப் பயன்படுத்தும் 'டார்' என்ற நிரலில் 2021 ஓகஸ்டில் குறைபாடுகள் வெளிவந்தன. அந்த நிரல் முகவரிகளைச் சோதிக்காமல் விடவில்லை. சாய்கோட்டில் தொடங்கும் முகவரி கணினியின் மூலக் கோப்புறையிலிருந்து தொடங்கும் என்பதால், அந்தச் சாய்கோட்டை வெட்டிவிட்டே பிரித்தது. ஆனால் ஒரு தடவை மட்டுமே வெட்டியது. நான்கு சாய்கோடுகள் போட்டு அனுப்பினால் மூன்று மிஞ்சும். கட்டளைச் சாளரத்தைத் திறக்கும்போதெல்லாம் தானாக வாசிக்கப்படும் கோப்பின் மேல் தாக்குபவர் தன் கோப்பை எழுதிவிடலாம். அதன்பின் உங்கள் பெயரில் அவரது கட்டளைகள் ஓடும்.

இன்னொரு குறைபாடு வேகத்துக்காகச் செய்த ஏற்பாட்டில் இருந்தது. தான் உருவாக்கிய கோப்புறைகளை நிரல் நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி சோதிக்காமல் விட்டது. பொதி முதலில் ஒரு கோப்புறையை உருவாக்கும். பிறகு அதே பெயரில், வேறிடத்தைச் சுட்டும் இணைப்பொன்றை வைக்கும். அடுத்து வரும் கோப்பு அந்த இணைப்பின் வழியே வெளியே போய்விடும். இதைத் திருத்திய பின்னரும், ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும் விண்டோஸ், மக் கணினிகளில் பெயரைச் சற்று மாற்றி ஏமாற்ற முடிந்தது. செப்டெம்பரில் கிட்ஹப் இவற்றை விளக்கி, என்பிஎம் 6.14.15 அல்லது 7.21.0, அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கு மாறச் சொன்னது.

பொதியோடு வரும் நிரல்களை ஓடவிடாமல் நிறுவினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிரிப்பதே ஆபத்தாகும்போது அந்தக் கவனம் உதவாது.

மென்பொருள் எழுதாதவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. பலரது கணினியில் இருக்கும் வின்ராரில் இதே வகைக் குறைபாடு 2025 யூலையில், 7.13 பதிப்பில் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே, வேலை விண்ணப்பம் போல அனுப்பப்பட்ட கோப்புகள் வழியாக அது பயன்படுத்தப்பட்டதை ஈசெட் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிரித்ததும், கணினி தொடங்கும்போது தானாக ஓடும் கோப்புறையில் தீய நிரல் போய் அமர்ந்தது. வின்ரார் தானாக இற்றைப்படுவதில்லை. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் நாமேதான் புதியதை எடுத்து நிறுவ வேண்டும்.

எங்களில் பலரிடம் ஒரு மனிதர் வாழ்ந்ததற்கான சாட்சி ஒரு புகைப்படமும் இரண்டு கடிதங்களும்தான். அவற்றின் மேல் வேறொரு கோப்பு எழுதப்பட்டால் திரும்பப் பெற வழியில்லை. யார் யார் முறைப்பாடு செய்தார்கள் என்ற விபரம் வெளியே போனாலும் அந்தக் குடும்பங்களுக்கே பாதிப்பு.

இப்போது அந்த ஆவணங்களை மென்பொருள் எழுதும் கணினியில் நான் வைப்பதில்லை. இரண்டு வெளி வட்டுக்களில் பிரதி எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். அறியாதவர் அனுப்பும் சுருக்கக் கோப்பைப் பிரிப்பதில்லை. தெரிந்தவர் அனுப்பினாலும், தொலைபேசியில் கேட்டுவிட்டே திறக்கிறேன். மூலப் பிரதிகளை ஒருபோதும் எறிய வேண்டாம் என்று அம்மாமாரிடம் சொல்லியிருக்கிறேன்.