கணவாய்கள் பிரித்த பறவை: சோலைக்கிளி

சோலைக்கிளி மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் பாடும் பறவை. பெயரில் கிளி இருந்தாலும் இது ஈப்பிடிப்பான்களின் உறவு. நீளம் சுமார் 15 செ.மீ.; கால்கள் நீண்டவை, இறக்கைகள் குட்டை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே தோற்றம்: நீலச்சாம்பல் உடல், வெண்மையான அடிவயிறு. நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பு. பழனி, ஆனைமலைப் பகுதிகளின் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு அந்தச் செம்மை கிடையாது.

உயர்ந்த மலைகளில், புல்வெளிச் சரிவுகளின் மடிப்புகளில் ஓடையை ஒட்டி நிற்கும் சோலைக்காடே இதன் இருப்பிடம். அங்கும் தரையை ஒட்டிய இருண்ட புதர்களை விட்டு அதிகம் வெளியே வராது. சருகுகளுக்கிடையே பூச்சி தேடித் தின்னும். மரப்பொந்திலோ ஓடைக்கரைக் குழியிலோ பாசியால் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். சீழ்க்கையும் கரகரப்பும் கலந்த நீண்ட பாட்டுதான் பறவை இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

19ஆம் நூற்றாண்டில் பறவையியலாளர் ஜெர்டன் நீலகிரிப் பறவையை விவரித்த பிறகு, இது எந்தக் குடும்பத்தோடு சேரும் என்பதில் நெடுங்காலம் குழப்பம் நீடித்தது. தோற்றத்தை மட்டும் நம்பினால் அப்படித்தான் ஆகும். 2017இல் வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணுச் சான்றுகளைக் கொண்டு ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தை நிறுவினர். அகத்தியமலைப் பகுதிப் பறவையைப் புதிய இனமாகவும் விவரித்தனர்.

இனங்கள் பிரிந்ததற்குக் காரணம் நில அமைப்பு. குளிர்ந்த மலையுச்சிக்குப் பழகிய இப்பறவைக்கு வெப்பமான தாழ்நிலம் கடல் போன்றது. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரி இனத்தைத் தெற்கிலிருந்து பிரித்தது. செங்கோட்டைக் கணவாய் அகத்தியமலை இனத்தைத் தனித்துவிட்டது. இந்தப் பிரிவுகள் பல லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை.

மனிதர் உண்டாக்கிய இடைவெளிகள் புதியவை. தேயிலைக்காகச் சோலைகள் அழிந்தன. சீகை, கற்பூர மரத் தோட்டங்கள் புல்வெளியை விழுங்கின. இவற்றின் விளைவு பாட்டிலும் தெரிகிறது: பழங்காலப் பள்ளத்தாக்குகள் பிரித்த கூட்டங்களின் பாட்டு ஒரு விதமாகவும், அண்மைக் காடழிப்பு பிரித்த கூட்டங்களின் பாட்டு வேறு விதமாகவும் மாறியிருப்பதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகச் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி அழியும் ஆபத்திலுள்ள இனங்களோடு வைக்கப்பட்டுள்ளது.