கஜா மறுபடி வந்தால்: பெட்ரோல் காரா, எலக்ட்ரிக் காரா?

போன கார்த்திகையில் நார்த்தாமலைக்குப் போயிருந்தப்ப அக்கா வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள, பழைய பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டுட்டு எலக்ட்ரிக் கார் வாங்கலாம்னு இருக்கேன். ஆனா கஜா மாதிரி இன்னொண்ணு வந்தா? கரண்ட் இல்லாம வண்டி வாசல்லயே நின்னுடாதா?"

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்"னு சொல்லிட்டு வந்துட்டேன். சும்மா சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அம்மா அவங்க வீட்டில்தான் இருக்காங்க. ஆஸ்துமா உண்டு, மூச்சு இழுத்தால் நெபுலைசர் வைக்கணும், அதுக்குக் கரண்ட் வேணும். இல்லாவிட்டால் 17 கிலோமீட்டர் தள்ளி புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போகணும்.

2018-ல் நடந்தது

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவையும் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் மேற்கே போனது. ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளாவிலிருந்துகூட மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். எங்களுக்குக் கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம்தான் அடி பலம். அங்கே பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. எங்க தெருவுக்குக் கரண்ட் வந்தது ஒன்பதாம் நாள்.

வீட்டு இன்வர்ட்டர் முதல் நாள் ராத்திரியோடு தீர்ந்துபோச்சு. ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் அன்றைக்குக் காரை எடுக்கவே முடியலை. அம்மா விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாங்க. மறுநாள் வழி கிடைத்ததும் புதுக்கோட்டைக்குப் போனோம். டேங்கில் இருந்தது கால்வாசி பெட்ரோல். பங்கில் ஜெனரேட்டர் ஓடியது, ஆனா நீள வரிசை, கார்டு மெஷின் வேலை செய்யலை, ஏடிஎம்மிலும் பணம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு. பெட்ரோல் பங்கும் கரண்டில்தான் ஓடுகிறது. தரைக்கடியில் எத்தனை ஆயிரம் லிட்டர் இருந்தாலும் மோட்டார் சுற்றினால்தான் மேலே வரும். அடுத்தது, முதல் நாள் எங்களுக்குத் தேவைப்பட்டது வண்டியே இல்லை. வீட்டுக்குள் ஒரு மணி நேரக் கரண்ட்.

மின்வெட்டு ரெண்டு வகை

2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தது. இது பங்கீட்டு வெட்டு: போகும், வரும். கஜா வேற மாதிரி: கம்பி அறுந்த வெட்டு. எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது.

முதல் வகைக்கு எலக்ட்ரிக் கார் பயப்படவே வேண்டாம். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். கார் 1 யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் போகும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ரெண்டு மணி நேரக் கரண்ட் போதும். இலங்கையை நினைத்துப் பாருங்க. 2022 மார்ச் கடைசியில் அங்கே 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆனாலும் மிச்சப் பதினொரு மணி நேரத்தில் ஒரு கார் பேட்டரியே நிரம்பிவிடும். பெட்ரோலுக்கோ ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய வாகனங்களுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசே அறிவித்தது.

ரெண்டாம் வகைதான் மச்சானோட கேள்வி.

டேங்க், பேட்டரி: கணக்கு

35 லிட்டர் டேங்க் முழுசா இருந்தா, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் வீதம் 560 கிலோமீட்டர். 30 யூனிட் பேட்டரி 100 சதவீதம் இருந்தா சுமார் 200 கிலோமீட்டர். ஓட்டத்தில் பெட்ரோலுக்கே வெற்றி. பக்கத்து மாவட்டத்தில் பங்க் திறந்திருந்தா போய் நிரப்பிக்கொள்ளவும் முடியும்.

ஆனால் கார் நிற்கும்போது கணக்கு தலைகீழ். 1 லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கு. ஆனாலும் காரை சும்மா ஓடவிட்டு, 12 வோல்ட் சாக்கெட்டில் சின்ன இன்வர்ட்டர் மாட்டினா கிடைப்பது 150 வாட் போல. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் எரிந்து, கைக்கு வருவது 0.15 யூனிட். மூடிய போர்ட்டிகோவில் இதைச் செய்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

எலக்ட்ரிக் காரில் 30 யூனிட்டும் ஏற்கனவே கரண்டாகவே இருக்கு. வீட்டு இன்வர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட்தான். அதாவது, காருக்குள் அப்படிப்பட்ட பதினாறு பேட்டரிகள். 2023 செப்டம்பரில் வந்த டாடா நெக்ஸான் ஈவி போன்ற கார்களில் இந்தக் கரண்டை வெளியே எடுக்கும் வசதி உண்டு, சுமார் 3 கிலோவாட் வரை. எல்லா வகையிலும் இருக்காது, கேட்டு வாங்கணும்.

வீட்டுக்கு ஒரு நாள் தேவை: ரெண்டு ஃபேன், அஞ்சு எல்இடி பல்பு, ஃபிரிட்ஜ், நெபுலைசர், போன் சார்ஜ், அரை மணி நேரம் தண்ணி மோட்டார். மொத்தம் சுமார் 3 யூனிட். புதுக்கோட்டைக்கு ரெண்டு தடவை போய் வர 12 யூனிட்டை ஒதுக்கிவிட்டால் மிச்சம் 18. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் ஐந்து நாள் ஓட்டலாம். ஒன்பது நாள் ஆகாது. ஆனா அந்த முதல் ராத்திரி அம்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

வெளியூர்க் குளிர்காலம்

அமெரிக்காவிலும் நார்வேயிலும் இதே விவாதம் பனியை வைத்து நடக்குது. உறைகுளிரில் லித்தியம் பேட்டரி ஓட்டத்தில் கால்வாசியோ அதற்கு மேலோ குறையும். நம்ம மார்கழிக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குப் பொருந்தும் பாடம் ஜப்பானில் இருக்கு. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு பல இடங்களில் பெட்ரோல் வருவதற்கு முன்னாடியே கரண்ட் வந்துவிட்டது. நிசானும் மிட்சுபிஷியும் நிவாரண வேலைக்கு எலக்ட்ரிக் கார்களைக் கொடுத்தன. அடுத்த வருஷமே கார் பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் கருவியை நிசான் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வாங்குவதற்கு முன்

எர்த்திங் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. ஊர்ப்பக்க லோ வோல்டேஜிலும் அதே கதை. முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாருங்க.

மாடியில் சோலார் இருக்கே என்று நம்பி இருக்காதீங்க. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், லைன் போனதும் தானாக நின்றுவிடும், எவ்வளவு வெயில் அடித்தாலும். லைனில் வேலை செய்பவரைக் காப்பாற்ற அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

அதே காரணத்துக்காக, கார் கரண்டையோ ஜெனரேட்டர் கரண்டையோ சுவர் பிளக்கில் சொருகி வீட்டு வயரிங்கில் ஏற்றாதீங்க. அது டிரான்ஸ்பார்மர் வழியா உயர் அழுத்தமாகி, கம்பத்தில் ஏறி நிற்பவர் உயிரை எடுக்கும். தனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுங்க, இல்லாட்டி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்க.

மச்சானுக்குச் சொன்னது

கஜாவுக்குப் பெயர் வைத்தது நவம்பர் 11. கரையைக் கடந்தது 16. ஐந்து நாள் இருந்தது. வெறும் பேட்டரியை நிரப்ப ஒரு ராத்திரி போதும். டேங்கை நிரப்பப் பத்து நிமிஷம். நாங்க ரெண்டையும் செய்யலை, கால் டேங்க்கோடு தூங்கினோம். எங்களுக்குக் காலை வாரியது பெட்ரோல் இல்லை, எங்க அசட்டைதான்.

அதனால் போனில் சொன்னேன்: "எலக்ட்ரிக் வாங்குங்க மச்சான், வெளியே கரண்ட் எடுக்கிற வகையா பார்த்து. மோட்டார் பைக்கை விற்காதீங்க, பெட்ரோல் வண்டி ஒண்ணு வீட்டில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. புயல்னு ரேடியோவில் சொன்னா அன்னைக்கே 100."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "எர்த்திங் போட்டு இருபது வருஷம் ஆச்சு மாப்ள. முதல்ல அதைப் பார்க்கிறேன்" என்றார்.