கொல்லையில் பட்டாணி

சென்னைக் கடற்கரையில் "தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல்" என்ற கூவலைக் கேளாத நேயர் அநேகமாக இரார். அந்த உலர்ந்த பட்டாணி வெகு காலமாகக் கனடா முதலிய தேசங்களிலிருந்தும் கப்பலேறி வருகிறது. 2017 நவம்பரில் அதன்மீது 50 சதவிகிதம் சுங்கவரி விதித்த நமது சர்க்கார், 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு மட்டும் அவ்வரியை நீக்கியது. இந்த வழக்கைத் தீர்த்து வைக்க நம்மால் ஆகாது. ஆனால் பச்சைப் பட்டாணிக்காவது கடைக்காரரை நம்பியிராமல் இருக்கலாமே!

நம்பியிருப்பதில் அபாயமும் உண்டு. உலர்ந்த பட்டாணியை மாலகைட் பச்சை என்னும் சாயத்தில் தோய்த்து விற்கும் பாதகர்கள் இருக்கிறார்கள். துணிக்குப் போடும் சாயம் அது. உணவில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒரு பிடியை ஜலத்தில் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். ஜலம் பச்சையாக மாறினால் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

பட்டாணி குளிர்காலப் பயிர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது செழிப்பதற்கு இதுவே காரணம். சமவெளியில் நமக்குக் கிடைப்பது கார்த்திகை முதல் தை வரையுள்ள சிறு அவகாசந்தான். ஐப்பசி அடைமழையில் விதைத்தால் விதை அழுகும். மாசி வெயிலில் பூ உதிரும். ஆகையால் மழை ஓய்ந்ததும், குட்டையாக வளர்ந்து சுமார் 60 நாளில் காய்க்கும் ஆர்கெல் போன்ற ரகத்தை விதைப்பதே புத்திசாலித்தனம். சென்னை போன்ற ஊர்களில் மலைநாட்டு மகசூலை எதிர்பார்க்கக் கூடாது; இதை முன்கூட்டியே சொல்லி விடுகிறோம்.

விதையை இரவில் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு ஊன்றவும். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் மண்டும், காய் வராது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் இச்செடிக்கு அதிக உரம் தேவையில்லை. பற்றுக்கம்பிகள் சுற்றிக்கொள்ளச் சுள்ளிகளை நட்டுவிட்டால் போதும். இலைமேல் மாவு தூவியது போல் வெண்மை படர்ந்தால் சாம்பல் நோய் கண்டுவிட்டது என்று அறிந்து, அவ்விலைகளை உடனே கிள்ளி எறிய வேண்டும். பூக்கும்போதும் காய் பருக்கும்போதும் மண் காயலாகாது.

காய் உருண்டு திரண்டிருக்க வேண்டும். தோலின் பளபளப்பு மங்கியிருக்கக் கூடாது. அதுவே பறிக்கும் பக்குவம். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிக்காவிட்டால் கொடியே முறிந்து வரும். பறித்த கணத்திலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. அதனால்தான் கூடையில் இரண்டு நாள் கிடந்த பட்டாணிக்கு அந்தத் தித்திப்பு இருப்பதில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாலும் தவறில்லை! தோலுரித்தபின் காயின் எடையில் பாதிக்குமேல் தேறாது என்பதையும் மனத்தில் கொள்க.

நல்ல செடிகள் இரண்டைப் பறிக்காமல் விட்டு, நெற்று முற்றியதும் விதை எடுத்து வையுங்கள். பட்டாணிப் பூ விரியுமுன்பே தன்னுள் மகரந்தச் சேர்க்கை முடித்துக் கொள்வதால் ரகம் பெரும்பாலும் கலப்பதில்லை. மெண்டல் பாதிரியார் தமது மடத்துத் தோட்டத்தில் இச்செடியைக் கொண்டு பாரம்பரிய விதிகளைக் கண்டு 1866-ல் வெளியிட முடிந்ததற்கும் இக்குணம் பேருதவி செய்தது. காய்ப்பு ஓய்ந்ததும் கொடியை அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, அதே பாத்தியில் கீரை தெளிக்கலாம்.